குளக்கரையில் செருப்பைக் கழற்றக் கூடாது

நல்லாம்பூர் நகராட்சிப் பூங்காவுக்குள் நுழைகிறவர்கள் முதலில் பார்ப்பது மரத்தையோ பூவையோ அல்ல, வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கும் விதிப் பலகையைத்தான். மற்ற ஊர்களில் இந்த மாதிரிப் பலகையை யார் படிக்கிறார்கள்? 'புல்தரையில் நடக்காதீர்' என்று எழுதியிருந்தால் அந்தப் பலகையின் மேலேயே துண்டைக் காயப்போட்டுவிட்டு, புல்லில் மல்லாந்து படுத்துக் குறட்டை விடுகிற ஜனங்கள் நாம். நல்லாம்பூரில் மட்டும் அப்படி இல்லை. மாதா மாதம் முதல் தேதியன்று பலகை மாறும். அன்று காலை நடக்க வருகிற அத்தனை பேரும் வாசலில் கூடி நின்று, வாய்விட்டுப் படித்து, ஒரு பாட்டம் சிரித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

விதிகளை எழுதியது மனிதர் இல்லை. பூங்கா முழுக்கக் கேமரா வைத்து, யார் எப்படி நடக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், கையில் எதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஓர் இயந்திரம். இனி என்ன செய்வார்கள் என்பதையும் அதிலிருந்தே கணித்துவிடும். தப்பு நடந்த பிறகு தண்டிப்பானேன், நடக்குமுன்பே அதற்கொரு விதி போட்டுவிட்டால் நடக்காதே என்பது யோசனை. அபராதம் என்று காசு வாங்குவது கிடையாது. வாசல்தான் தண்டனை. விதியை மீறியவரின் நடையை வாசல் அடையாளம் கண்டுகொள்ளும், திறக்காது. ஒரு நாளோ ஒரு மாதமோ, தப்புக்குத் தக்கபடி. இந்த இயந்திரத்துக்கு நகராட்சி வைத்த பெயர் மூன்று வரி நீளம். ஊர் வைத்த பெயர் சட்டாம்பிள்ளை.

போன வருஷம் 'வேப்பமரத்து பெஞ்சில் உட்கார்ந்து மாம்பழம் நறுக்கக் கூடாது' என்று ஒரு விதி வந்தது. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த பெஞ்சில் தினமும் உட்காருகிற அண்ணன் தம்பி இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களுக்குள் வீட்டைப் பிரிப்பதில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து தம்பிக்காரன் பையில் கத்தி கொண்டுவருவதை நிறுத்திக்கொண்டான் என்பது பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அடியோடு நிற்கவில்லை.

சட்டாம்பிள்ளை எழுதியதை அப்படியே பலகையில் போட்டுவிட முடியாது. ஓர் அதிகாரி ஒப்புதல் தர வேண்டும். தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ, விதியையே தூக்கியெறியவோ அவருக்கு உரிமை உண்டு. அந்த அதிகாரி, பூங்காக் கண்காணிப்பாளர் செண்பகவல்லி. எதையும் பாதி கேட்கும்போதே பதில் சொல்லிவிடுகிற படபடப்பான மனுஷி. மாதத்தின் முதல் தேதி காலையில் டீயை உறிஞ்சிக்கொண்டே விதிகளை ஒவ்வொன்றாகத் தட்டி ஒப்புதல் கொடுப்பது அவள் வழக்கம். டீ தீர்வதற்குள் விதிகள் தீர்ந்துவிடும்.

அந்த மாதம் ஒரே ஒரு புது விதிதான் வந்திருந்தது.

'குளக்கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போகக் கூடாது. மீறினால் வாழ்நாள் தடை.'

வாழ்நாள் தடை என்று சட்டாம்பிள்ளை அதுவரை எழுதியதே இல்லை. செண்பகவல்லி அதைக் கவனித்தாள், கவனித்துவிட்டு ஒப்புதலும் கொடுத்தாள். கரையில் குப்பை சேராமல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

டீ கிளாஸைக் கழுவி வைப்பதற்குள் அரங்கநாதன் வந்துவிட்டார். நடைப்பயிற்சியாளர் சங்கத் தலைவர். ஊரில் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட ஒரு சினிமாத் தியேட்டருக்கு முப்பது வருஷம் மேனேஜராக இருந்தவர். ஹவுஸ்ஃபுல் கூட்டத்தைச் சமாளித்த குரல் அப்படியே இருந்தது. பூங்காவில் அவர் எந்த மூலையில் இருக்கிறார் என்பதைக் கண்ணால் தேட வேண்டியதில்லை, சிரிப்புச் சத்தம் வரும் பக்கம் போனால் போதும்.

"மேடம், உங்க சட்டாம்பிள்ளைக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "குளத்துப் படியில அரசமரத்தடியில யாரு இருக்கா? புள்ளையாரு. அவர் முன்னாடி செருப்புக் காலோட நிக்கச் சொல்லுதா அது? இல்ல, செருப்பக் கழட்டிக் கக்கத்துல வெச்சுக்கிட்டுத் தோப்புக்கரணம் போடவா?"

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது அவளுக்குத் தோன்றவே இல்லை. "இத்தனை வருஷமா அதுக்குப் புள்ளையாரு தெரியாமப் போச்சா சார்? பாக்குறேன். கொஞ்சம் டயம் குடுங்க."

"டயமெல்லாம் இல்ல. எடுத்துருங்க. இன்னிக்கே எடுத்துருங்க." சிரித்துக்கொண்டு வந்த மனிதர் சட்டென்று மேஜையைத் தட்டினார். அவருக்கே அது அதிகம் என்று பட்டிருக்க வேண்டும், உடனே குரலை மாற்றிக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா. சாமி விஷயம் பாருங்க." போகும்போது, கையில் வைத்திருந்த நல்ல பெரிய குடையை அவள் மேஜையோரம் சாத்தினார். "இத நீங்க வெச்சுக்கங்க. ஸ்கூட்டர்லருந்து எறங்கி நடக்கையில ஆவும்."

"உங்களுக்கு சார்?"

"எனக்கெதுக்கு? வெயில் காலந்தான் வந்தாச்சே."

வெயிலுக்கும் குடை வேண்டும் என்பது அவர் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாட்ச்மேனுக்கு அவர் தன் ரேடியோவைக் கொடுத்துவிட்டதாகவும் அந்த வாரம் கேள்விப்பட்டாள். தாராளமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய அறை சின்ன மேட்டின் மேல் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் குளம் முழுதாகத் தெரியும். சாயங்காலமானால் அந்தக் குளத்தின் கடைசிப் படியில் அவள் புருஷன் பேச்சிமுத்து வந்து உட்காருவான். அவள் வேலை முடித்து இறங்கி வரும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு அவள் ஸ்கூட்டரை ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போவான்.

ஒரு காலத்தில் டவுன் பஸ் ஓட்டியவன் அவன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், தெருவைப் பார்க்காமல் குறுக்கே இறங்கிய ஒரு பெரியவர் அவன் பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டார். கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. டிரைவர் மீது தப்பே இல்லை என்று கோர்ட் விடுதலை செய்தது. கைகூப்பி நின்றுகொண்டிருந்தவன், தீர்ப்பு வாசித்து முடிந்த பிறகும் இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல் அப்படியே நின்றான். வக்கீல்தான் தோளைத் தொட்டு வெளியே அழைத்து வந்தார். அதன் பிறகு அவன் எந்த வண்டியையும் தொடவில்லை. ராத்திரியில் தூங்குவதும் இல்லை.

அன்று சாயங்காலம் ஜன்னலைச் சாத்தப் போனவள் குளத்தைப் பார்த்தாள். யாரோ பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டிருக்க, கரையில் ஒரு ஜோடி செருப்பு தனியாகக் கிடந்தது.  குளமும் கிணறும் உள்ள எந்த ஊரில் பிறந்தவருக்கும், கரையில் கிடக்கும் செருப்பு எதைச் சொல்லும் என்று தெரியும். தேடி வருகிற போலீஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

சட்டாம்பிள்ளையைப் பராமரிக்கும் கம்பெனியின் பொறியாளன் இர்ஃபானை உடனே வரச் சொன்னாள். இருபத்தாறு வயசுப் பையன். எதைக் கேட்டாலும் மூக்கைச் சொறிந்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

"அந்தச் செருப்பு விதி யாருக்கு எழுதினது இர்ஃபான்?"

"யாருக்குன்னு அதுக்கே தெரியாது மேடம். முகம், பேர் எதையும் வெச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல. நடையை மட்டும்தான் வெச்சுக்கும். தோள் எப்படித் தொங்குது, எங்க நின்னு நின்னு போறாங்க, இதுதான். இப்படி நடக்கற ஓர் உடம்பு இப்படி ஒண்ணு செய்யும்னு தெரியும். அவ்வளவுதான்."

"அப்ப அந்த நடையைக் காட்டச் சொல்லு."

"நாமளே கேட்டாலும் காட்டாது. அப்படித்தான் பூட்டி வெச்சிருக்கு."

"ஓர் உயிர் போகப் போகுதுன்னா அத வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

இர்ஃபான் மூக்கைச் சொறிந்தான். "சொல்லிட்டுத்தானே மேடம் இருக்கு. அதுக்கு நாம கத்துக்குடுத்த வார்த்தை ரெண்டுதான். 'கூடாது', 'மீறினால்'. என்ன சொல்லணும்னாலும் அந்த ரெண்டுலதான் சொல்லியாகணும்."

 வெளியே பலகை விளக்கு எரிய ஆரம்பித்தது.

"அந்த விதி தானா எப்ப போகும்?" என்று கேட்டாள்.

"ரெண்டு விதமா போகும் மேடம். இனிமே நடக்காதுன்னு அதுக்குத் தெரிஞ்சா எடுத்துரும். இல்ல, நடந்து முடிஞ்சிட்டாலும் எடுத்துரும். எதனால எடுத்துச்சுன்னு மட்டும் சொல்லாது."

செண்பகவல்லி வாட்ச்மேனைக் குளத்தருகிலேயே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள். விதியை எடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஆனால் அரங்கநாதன் விடுகிறவராய் இல்லை. சங்கத்தையே திரட்டி, ஆளுக்கொரு அருகம்புல் மாலையோடு வாசலில் நின்று, "புள்ளையாருக்கே தடையா?" என்று கோஷம் போடவைத்தார். படம் எல்லாருடைய போனுக்கும் போயிற்று. நகராட்சித் தலைவர் அவளைக் கூப்பிட்டு, "ஏம்மா, தேர்தல் நேரத்துல எனக்குப் புள்ளையாரோட வம்பு எதுக்கு?" என்றார். செருப்புக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது என்று அவள் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யாரென்று தெரியாத உயிருக்கு ஓட்டும் கிடையாது. கடைசியில் அவள்தான் தன் கையால் விதியை நீக்கினாள்.

செய்தி கேட்டதும் அரங்கநாதன் ஆரவாரம் செய்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் குளத்தருகே போய் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றவுமில்லை, கும்பிடவுமில்லை.

மறுநாள் காலை, மாதத்தின் நடுவில், கேட்காமலே ஒரு விதி வந்து திரையில் நின்றது. இப்படி இதற்கு முன் நடந்ததில்லை.

'கழற்றிய செருப்புக்குள் மூக்குக்கண்ணாடியை வைக்கக் கூடாது. மீறினால் வாழ்நாள் தடை.'

செண்பகவல்லி கையிலிருந்த டீயை மேஜையில் வைத்துவிட்டாள். அதை அன்று அவள் குடிக்கவே இல்லை.

கல்யாணமான புதிதில் தாமிரபரணிக் கரையில் இருந்தது அவர்கள் வீடு. பேச்சிமுத்து ஆற்றில் இறங்கினால் லேசில் ஏற மாட்டான், அப்படி ஒரு நீச்சல் பைத்தியம். இறங்குமுன் செருப்பைக் கழற்றி, கண்ணாடியை மடித்து இடது செருப்புக்குள் வைப்பான். "இது தொலஞ்சா பஸ்ஸும் தொலஞ்சுது" என்பான். கரையில் உட்கார்ந்து அந்தச் செருப்புக்குக் காவல் இருப்பதுதான் அவள் வேலை. இந்த உலகத்தில் செருப்புக்குள் கண்ணாடியை வைக்கும் ஒரே ஆளை அவளுக்குத் தெரியும்.

செருப்பு விதியை நீக்கிவிட்டோம், அதனால் அதையே வேறு வார்த்தையில் சொல்கிறது என்று அவள் புரிந்துகொண்டாள். யாருக்கு என்றுதானே கேட்டாய், இந்தா என்று அடையாளத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள். வாழ்நாள் தடையைக் குறைக்கவில்லை. அதற்காவது அவன் பயப்படட்டும் என்று இருந்தது அவளுக்கு.

அன்று ராத்திரி வீட்டில் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, இனிமே பூங்காவுக்கு வராதீங்க. நானே வீட்டுக்கு வந்துக்கிடுதேன்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "பலகையைப் படிச்சேன் வல்லி. கண்ணாடி விஷயம். எனக்குத்தான?"

"நீங்க அப்படி எதும் நெனச்சிருக்கீங்களா? என் மேல சத்தியமா சொல்லுங்க."

"நெனக்கலன்னு சொன்னா பொய்யி." சாதாரணமாகச் சொன்னான், ரேஷன் கடையில் இன்று சீனி இல்லை என்று சொல்வதுபோல. "செய்வேனான்னு தெரியல. கோர்ட்டுல ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ உள்ள போடுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். போய் இருந்துட்டு வந்திருப்பேன். தப்பில்ல தப்பில்லன்னு அனுப்பிட்டாங்க. அந்தப் பெரியவரு எங்க போவாரு? தெனமும் ராத்திரி எங்கிட்டதான வாராரு."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்க நினைக்கவும் இல்லை, சோற்றுக்கு முன்னாலேயே அழுதுவிட்டாள். அவன் எச்சில் கையை ஒதுக்கிவிட்டு மற்றக் கையால் அவள் தலையைத் தடவினான்.

"அந்தப் படியில உக்காந்தாத்தான் கொஞ்சம் மனசு அடங்குது. வரக்கூடாதுன்னு மட்டும் சொல்லாத. நீ ஜன்னல்லருந்து பாத்துக்க."

சரி என்றாள். மறுநாளிலிருந்து மேஜையை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டாள். குளத்தருகே இருந்த வாட்ச்மேனைப் பழையபடி வாசலுக்கே அனுப்பிவிட்டாள். தன் புருஷனைக் கண்டவனும் காவல் காத்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. நம் வீட்டு விஷயம், நாமே பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தாள். ஊருக்கெல்லாம் எழுதிய விதியைத் தன் வீட்டுக்கு வந்த தந்தியாக எடுத்துக்கொண்டதுதான் அவள் செய்த தப்பு. அப்போது அவளுக்கு அது தெரியவில்லை.

நாட்கள் போயின. பேச்சிமுத்து வருவான், கடைசிப் படியில் உட்காருவான். அவன் கண்ணாடி அவன் முகத்திலேயே இருக்கிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். சிலநாள் அரங்கநாதன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். பேசிக்கொண்டிருப்பார் என்றால் அவர் மட்டும்தான் பேசுவார், இவன் கேட்டுக்கொண்டிருப்பான். இப்படியாவது ஒருத்தர் துணை கிடைத்ததே என்று செண்பகவல்லி மனசார நன்றி சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெயில் தாழ்ந்து, சறுக்குமரத்துப் பக்கம் குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த நேரம். நகராட்சியிலிருந்து போன் வந்தது. தண்ணீர்க் குழாய் விஷயமாக ஏதோ விவரம் கேட்டார்கள், திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே விதிகள் இருந்த பக்கத்தில் ஒரு வரி அணைந்தது.

கண்ணாடி விதி இல்லை.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. நடக்காது என்று ஆகிவிட்டது, சட்டாம்பிள்ளையே சொல்லிவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடுதான் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

படியில் பேச்சிமுத்து இல்லை.

இர்ஃபான் சொன்ன இரண்டாவது காரணம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மேட்டிலிருந்து இறங்கும்போது ஒரு செருப்பு கழன்று போயிற்று, திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் எல்லாம் விதியில் எழுதியிருந்தபடியே இருந்தது. பேச்சிமுத்துவின் செருப்பு. இடது செருப்புக்குள் மடித்து வைத்த கண்ணாடி.  அதை எடுக்கக் குனிந்தாள்.

அப்புறம்தான் பார்த்தாள். நாலு அடி தள்ளி, பிள்ளையாருக்கு நேர் எதிரே, இன்னொரு ஜோடி செருப்பு இருந்தது. தோல் செருப்பு. வீட்டு வாசலில் விடுவதைப்போல ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது.

குளத்தின் நடுவில் தண்ணீர் கலங்கி ஒரு தலை மேலே வந்தது. பேச்சிமுத்து. ஒரு கையால் துழாவி நீந்திக்கொண்டு, மறுகையில் எதையோ இழுத்துக்கொண்டு வந்தான். அது ஒரு வெள்ளைச் சட்டை. சட்டைக்குள் அரங்கநாதன்.

கரையில் போட்டு வயிற்றை அமுக்கியபோது அவர் இருமினார். தண்ணீரைக் கக்கினார். வாட்ச்மேன் ஓடிவந்தான், கூட்டம் கூடியது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். செண்பகவல்லி தன் முந்தானையால் அரங்கநாதனின் முகத்தைத் துடைத்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது.

"முதல் விதி எனக்கு எழுதினதும்மா" என்றார். "படிச்ச உடனே தெரிஞ்சு போச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. அதுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பலகையைத் தாண்டி நடக்கவே முடியல எனக்கு. அதான் எடு எடுன்னு கத்தினேன்."

"ஏன் சார்? எல்லார்கிட்டயும் சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தீங்களே?"

"வீட்டுக்குப் போனா பேச ஆளில்ல. அதனாலதாம்மா இங்க அவ்வளவு பேசினேன்."

ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. செண்பகவல்லி படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விதிகள் இரண்டு, ஆட்களும் இரண்டு. முதல் விதியை அவள் நீக்கிய அந்த நொடியில் குளத்தில் இறங்கப்போகிறவர் ஒருவர் உறுதியாகிவிட்டார், அவரைக் காப்பாற்றக் குதிக்கப்போகிறவனும் உறுதியாகிவிட்டான். அந்த இரண்டாமவனுக்கு எழுதியதுதான் இரண்டாம் விதி. பயப்படட்டும் என்று அவள் நினைத்தபடி அவன் பயந்திருந்தால், வராதே என்று சொன்னதைக் கேட்டிருந்தால், இன்று கரையில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடந்திருக்கும். காப்பாற்றுவதற்கு இறங்குகிறவனையுமா இது தடுக்கும்? பிறகு இர்ஃபானிடம் இதைக் கேட்டபோது அவன் மூக்கைக்கூடச் சொறியவில்லை. "யாரோ தண்ணிக்குள்ள போறாங்கன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும் மேடம். எதுக்குப் போறாங்கன்னு தெரியாது" என்றான்.

பேச்சிமுத்து சட்டையைப் பிழிந்துவிட்டு, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான். "அவசரத்துல தண்ணியில சாடும்போதும் கை தன்னால கண்ணாடியைக் கழட்டி வெச்சிருக்கு பாரேன்" என்றான். இரண்டு பேரும் வாசலுக்கு நடந்தார்கள். அவன் வெளியே கால் வைத்ததும் ஒலிபெருக்கி கரகரத்தது. பதிவு செய்த பெண் குரல், எல்லாருக்கும் பேசுகிற அதே மரியாதையான குரல்.

"நீங்கள் விதியை மீறியிருக்கிறீர்கள். உங்களுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்படுகிறது. இனி இந்த வாசல் உங்களுக்குத் திறக்காது."

அரங்கநாதனுக்கு அது ஒன்றும் சொல்லியிருக்காது. அவர் மீறிய விதியைத்தான் நீக்கியாயிற்றே. செண்பகவல்லிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இதுக்கு மூளை இருக்கா? ஓர் உயிரைக் காப்பாத்தினவருக்கா தடை? இருங்க, இப்பவே போய் எடுத்துடுதேன்" என்று திரும்பினாள்.

அவன் அவள் கையைப் பிடித்தான். வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். கோர்ட்டில் நின்ற அதே நிற்பு, ஆனால் இந்தத் தடவை முகம் வேறாக இருந்தது.

"எடுக்காத வல்லி. இது எனக்கு வந்தது. இருக்கட்டும்."

அன்று ராத்திரி பேச்சிமுத்து தூங்கினான். மூன்று வருஷத்துக்குப் பிறகு, விடிந்து வெயில் ஏறியது தெரியாமல் தூங்கினான். அவன் மூச்சு சீராக வருவதைக் கேட்டுக்கொண்டு அவள்தான் விழித்திருந்தாள்.

அதற்கப்புறம் அவன் பூங்காவுக்கு வெளியே, வாசலுக்கு எதிரே இருக்கும் வாய்க்கால் கல்லில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்தான். தினமும் வந்ததும் வாசலுக்கு எதிரே ஒரு தடவை போய் நிற்பான். "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று குரல் சொல்லும். "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து கல்லில் உட்காருவான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அரங்கநாதன் இப்போது பூங்காவுக்குள் அதிகம் போவதில்லை, அவரும் அந்தக் கல்லில்தான் இருந்தார். பேச்சிமுத்து பதில் பேசவும் ஆரம்பித்திருந்தான். ஒருநாள் அவன் சிரித்ததை அவள் வாசல் பக்கத்து ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

இருந்தாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றியவன் தெருவில் உட்கார்ந்திருக்க, கண்டவர்களெல்லாம் உள்ளே போய் வருகிறார்கள். அவன் வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவதா? அடுத்த மாதம் அவர்கள் கல்யாண நாள் வந்தது. அன்று தடையை நீக்கிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அவன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், குளத்தின் கடைசிப் படியில் உட்காரவைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். இதை அவள் இர்ஃபானிடம் சொல்லவில்லை. அரங்கநாதனிடமும் சொல்லவில்லை. தினமும் வேலை முடிந்து இறங்கும்போது குளத்தருகே கொஞ்சம் நின்று அந்தப் படியைப் பார்த்துவிட்டுப் போவாள், அவ்வளவுதான்.

முதல் தேதி வந்தது. டீயோடு உட்கார்ந்தாள். ஒரே ஒரு புது விதி இருந்தது.

'வாசலுக்கு வெளியே காத்திருப்பவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வரக் கூடாது. மீறினால்'

அதற்குப் பிறகு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தண்டனை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. திரை கோளாறோ என்று அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அதே வரிதான் வந்தது, அதே இடத்தில் நின்றது. அது யாருக்கு எழுதியது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று முழுக்க அவள் எதையும் தொடவில்லை. சாயங்காலமானதும் எழுந்து, வாசல் தெரிகிற ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வாய்க்கால் கல்லில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அரங்கநாதன் கையை ஆட்டி ஏதோ சொல்ல, பேச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். துடைத்து முடித்ததும் திரும்ப முகத்தில் மாட்டிக்கொண்டான். தடையை எடுத்துவிட்டால் அதோடு அவன் தூக்கமும் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது.

செண்பகவல்லி மேஜைக்கு வந்தாள். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு ஒப்புதல் கொடுத்தாள்.